பதினோராவது தட்டு

என் தாய்மாமனுக்கு விசாரிக்கத் தெரியும், வாங்கத் தெரியாது. ஊரே சொன்ன பேச்சு இது. நானும் சொல்லியிருக்கிறேன், அவர் காதில் விழும்படியாகவே.

நைனார்பாளையம் கடைத்தெருவில் அவர் விலை கேட்காத பொருள் கிடையாது. மண்வெட்டிக்கு ஒரு பிடி வாங்க மூன்று ஊர் ஏறி இறங்குவார். "இது இன்னா மரம்? எப்ப வெட்னது? நெழல்ல காஞ்சுதா, வெயில்ல காஞ்சுதா?" கடைக்காரர் கடைசியில் கையெடுத்துக் கும்பிட்டு, "யோவ், நீ பிடி வாங்க வந்தியா, பொண்ணு பாக்க வந்தியா?" என்பார். பக்கத்துக் கடைக்காரரும் சேர்ந்து சிரிப்பார். மாமாவுக்குக் கோபமே வராது. "வாங்கறது ஒரு நிமிசம்யா. வெச்சிக்கினு ஆளறது பத்து வருசம்" என்று சொல்லிவிட்டு அடுத்த கடைக்குப் போவார்.

நிஜமாகவே பெண் பார்க்கப் போன இடங்களிலும் அதே கதைதான். கிணற்றுத் தண்ணீர் உப்பா, பெண்ணின் அப்பாவுக்குச் சர்க்கரை உண்டா, பெரிய அண்ணன் ஏன் தனிக்குடித்தனம் போனான் என்று அவர் கேட்ட கேள்வியில் இரண்டு வீட்டில் முகம் சுளித்தார்கள். மூன்றாவது வீட்டில் எழுந்து உள்ளேயே போய்விட்டார்கள். அதோடு அவருடைய கல்யாணப் பேச்சு ஓய்ந்தது.

கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில், நெற்றியில் வெள்ளிமலை என்று கொட்டை எழுத்தில் எழுதிய பஸ்ஸின் எதிரே நின்றுகொண்டு, "இது வெள்ளிமலை போவுதா?" என்று கண்டக்டரைக் கேட்பார். போகும் என்று அவர் சொன்ன பிறகு உள்ளே ஏறி, உட்கார்ந்திருப்பவரிடம், "போவும்ன்றாரே, நெஜமா?" என்பார். மழை வந்தால் மலைப்பாதையில் வண்டி ஏறுமா, திரும்பும்போது எத்தனை மணி, டிரைவர் பழைய ஆளா புது ஆளா. நான் ஒன்பதாவது படிக்கும்போது தோழிகளோடு ஒருநாள் அந்த பஸ்ஸில் இருந்தேன். மாமா ஏறியதைப் பார்த்ததும் துப்பட்டாவை முகத்தில் இழுத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டேன். மனுஷன் கண்டுபிடித்துவிட்டார். பஸ்ஸின் அந்தக் கோடியிலிருந்து, "பாப்பா, சாப்டியா? இன்னா கொழம்பு? உப்பு செரியா இருந்துச்சா?" என்று கத்தினார். தோழிகள் ஒரு மாதம் என்னை உப்பு செரியா என்று கூப்பிட்டார்கள்.

நான் வயசுக்கு வந்தபோது, என்னைத் தனியாக உட்காரவைக்க ஓலைக் குச்சு கட்டும் உரிமை அவருக்குத்தான். தென்னை ஓலை வாங்கிக்கொண்டு வருகிறேன் என்று காலையில் கிளம்பினார். எந்தத் தோப்பு ஓலையில் பூச்சி இல்லை என்று கேட்டுக்கொண்டே ஊர் ஊராகப் போயிருக்கிறார். பொறுத்துப் பார்த்துவிட்டு ஒன்றுவிட்ட மாமன் ஒருவர் கட்டி முடித்துவிட்டார். மாமா சாயங்காலம் சைக்கிளில் பத்து ஓலையோடு வந்து வாசலில் நின்றார். "அந்த ஓலைய ஆட்டுக்குப் போடுங்க" என்றாள் என் அத்தை. அவர் கொண்டுபோய் ஆட்டுக்குப் போட்டார். போட்டுவிட்டு, ஆடு எத்தனை ஈற்று என்று கேட்டார்.

அவர் ஏன் இப்படி ஆனார் என்று அம்மாவிடம் நான் கேட்டதில்லை. விசாரிப்பது அவர் வேலை, என் வேலை கிடையாது.

மாமாவுக்கு நிலம் கிடையாது. கரும்பு வெட்டுவார், மரவள்ளிக்கிழங்கு லோடு ஏற்றுவார், சீசனில் மலைக்குப் போய் மிளகு பறிப்பார். என் அப்பாவுக்குக் கிணற்றோடு நாலு ஏக்கர் இருந்தது. எனக்கு அமைந்ததோ மணலூர்பேட்டையில் ஆற்றோரம் நெல்லும் கரும்புமாக நிற்கிற குடும்பம். மாப்பிள்ளைக்கு பெங்களூரில் சாப்ட்வேர் வேலை. நிச்சயத்தன்று அவர்கள் வீட்டுப் பெண்களின் கழுத்து நகையைப் பார்த்த பிறகு எனக்கு ஒரே கவலைதான். கல்யாணத்தன்று மேளம் முழங்க மாமன் சீர் வரும். அவர்கள் வரிசையில் நூற்றொரு தட்டு வரும்போது, வெயிலில் வெளுத்த சட்டையோடு பத்துப் பதினோரு தட்டை எடுத்துக்கொண்டு இவர் வந்து நிற்பார். மண்டபம் பார்க்கும். வராமல் இருந்தால் தேவலை என்று நினைத்தேன். வாய்விட்டு வராதே என்று சொல்ல முடியுமா?

"பாப்பா, மாமன் சீருக்கு உனுக்கு இன்னா வேணும்?" என்று அவர் பத்தாவது முறையாகக் கேட்ட அன்று எனக்கு அந்த யோசனை வந்தது. மாப்பிள்ளைக்குக் காபி என்றால் உயிர். வீட்டுக்கு ஒரு எஸ்பிரெசோ மெஷின் வாங்க வேண்டும் என்று போனில் சொல்லிக்கொண்டே இருப்பார். போனில் படத்தை எடுத்து மாமா முகத்துக்கு நேரே நீட்டினேன்.

"காபி மெஷின் வாங்கிக் குடு மாமா. கூடவே கொட்டை அரைக்கிற கிரைண்டரும். வேற எதுவும் எனுக்கு வேணாம்."

என் கணக்கு சுலபமானது. இந்தப் பொருளை அவர் கண்ணால் பார்த்ததில்லை. ஊரில் விற்பதும் இல்லை. என் முதல் பிள்ளைக்குக் காது குத்தும் வரை விசாரித்துக்கொண்டே இருப்பார், கல்யாணத்துக்கு வெறுங்கையோடு வந்த கூச்சத்தில் கடைசி வரிசையில் உட்கார்ந்துகொள்வார். அவ்வளவுதான் எனக்கு வேண்டியது.

மாமா படத்தை ரொம்ப நேரம் பார்த்தார். "தண்ணி எந்தப் பக்கம் ஊத்தணும்?" என்று கேட்டார்.

மறுவாரமே சேலம் போய்விட்டார். பெரிய கடை, வாசலில் செக்யூரிட்டி. உள்ளே விற்கிற ஆள் எடுத்த எடுப்பில், "பட்ஜெட் எவ்ளோங்க?" என்றிருக்கிறான். "அது அப்புறம் தம்பி. மொதல்ல இது இன்னா செய்யும்னு சொல்லு" என்று இவர் நின்றிருக்கிறார். அதற்குப் பிறகு ஊரில் எல்லோருக்கும் ஒரு பொழுதுபோக்கு கிடைத்தது. "இன்னா, மெஷினு வந்துச்சா?" என்று டீக்கடையில் கேட்பார்கள். "கேட்டுக்கினு கீறேன்" என்பார். அவர்கள் டீயைத் துப்பிவிட்டுச் சிரிப்பார்கள்.

பைபாஸ் ரோட்டில் கார்க்காரர்களுக்காகப் புதிதாக ஒரு காபி கடை திறந்திருந்தார்கள். மாமா அங்கே போய்க் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்திருக்கிறார். கவுண்டரில் இருந்த பெண் பரிதாபப்பட்டு உள்ளே கூப்பிட்டு ஒரு சின்னக் கப்பில் கொடுத்தாளாம். குடித்துவிட்டு, "இத்தக் குடிக்கவா இவ்ளோ பாடு?" என்று கேட்டாராம். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அன்றிலிருந்து கூட்டமில்லாத மத்தியான நேரமாகப் பார்த்து அங்கே போவார். ஞாயிற்றுக்கிழமை எனக்கு போன் வரும்.

"பாப்பா, மெஷினு வெந்நிய அழுத்தித் தள்றது, அவ்ளோதான். அழுத்தம் இத்தினின்னு டப்பா மேல பெருசு பெருசா போட்டு கீறானே, அத்தப் பாத்து மயங்கக் கூடாதாம். தூளு ஒரே சீரா இல்லன்னா எவ்ளோ பெரிய மெஷினும் வேஸ்ட்டு. பெருசா கீதுன்னா தண்ணி ஓடிப் பூடும், புளிக்கும். மாவாப் பூடுச்சின்னா அடச்சிக்கும், கசக்கும். அதனால கிரைண்டருலதான் காசு போடணும்னு அந்தப் பொண்ணு சொல்லுது."

"வூட்ல மிக்சி கீது மாமா."

"மிக்சி வெட்டும் பாப்பா, அரைக்காது. பாதி மாவு, பாதி குருணை."

நான் போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு நகத்துக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருப்பேன். அவர் கேட்டுக்கொண்டே போவார். மாப்பிள்ளை பால் ஊற்றிக் குடிப்பாரா, பால் இல்லாமலா? பால் என்றால் ஆவி வருகிற குழாய் வேண்டும். பெங்களூர்த் தண்ணீர் உப்பா? உப்பென்றால் உள்ளே காரை படியும், நல்ல தண்ணீர்தான் ஊற்ற வேண்டும். வீட்டில் எத்தனை பேர்? "ரெண்டு பேருன்னா கையால சுத்தறதே போதும் பாப்பா. மோட்டார் வெச்சது நல்லதா வாங்கணும்னா கைல கீறது அத்தினியும் அதுக்கே பூடும். அதே அரவை கை கிரைண்டருல கம்மில வருது. மாப்ளைக்கு மணிக்கட்டு நோவு ஒண்ணும் இல்லியே? கம்ப்யூட்டர்ல ஒக்காந்துக்கினே கீறாரே?"

நான் வாய்க்கு வந்த பதிலைச் சொன்னேன். அவர் எல்லாவற்றையும் உண்மை என்று எடுத்துக்கொண்டார்.

சேலத்துக் கடைக்கு எத்தனை முறை போனார் என்று தெரியாது. சட்டைப்பையில் ஒரு பிடி வறுத்த கொட்டையைப் போட்டுக்கொண்டு போய், அங்கேயிருந்த கை கிரைண்டர் ஒவ்வொன்றிலும் போட்டுச் சுற்றிப் பார்த்திருக்கிறார். "காலியா சுத்துனா ஒரு சத்தம், கொட்ட கீறப்ப ஒரு சத்தம், அரைஞ்சி முடிஞ்சா ஒரு சத்தம். நான் பாத்து வெச்சிகீற கிரைண்டரோட சத்தத்தக் கண்ண மூடிக்கினு சொல்வேன் பாப்பா" என்றார். அம்மா மட்டும் ஒருநாள், "அவங்கிட்ட ரெண்டு ஆடு இருந்துச்சி, இப்பக் காணல" என்றாள். அதையும் நான் விசாரிக்கவில்லை.

கல்யாணத்தன்று என் கணக்கு பொய்த்தது. கள்ளக்குறிச்சி மண்டப வாசலில் மேளம் கேட்டது. மாமா புது வேட்டியில் வந்துகொண்டிருந்தார். பதினோரு தட்டு. வெற்றிலை பாக்கு, பழம், தேங்காய், புடவை எல்லாம் போக, பத்தாவது தட்டில் மெஷின். பளபளப்பெல்லாம் இல்லாத, மூன்று பொத்தான் மட்டும் வைத்த சின்ன மெஷின். பதினோராவது தட்டில் வெள்ளைத் துண்டு விரித்து, அதன்மேல் ஒரு சாண் உயரத்துக்கு எஃகு உருளை ஒன்று. தலையில் ஒரு கைப்பிடி. அந்தத் தட்டை மட்டும் அவரே தூக்கிக்கொண்டு வந்தார்.

என் அத்தைதான் அதை எடுத்துப் பார்த்தாள். "இன்னாங்க இது, டார்ச் லைட்டா? பேட்டரி போட்டீங்களா?"

முதலில் சிரித்தது நான். நான் சிரித்த பிறகுதான் மற்றவர்களுக்குத் தைரியம் வந்தது. மணலூர்பேட்டைப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

மாமாவுக்குச் சிரிப்பு புரியவில்லை. யாரோ விளக்கம் கேட்டதாகவே நினைத்துவிட்டார். "இதாங்க முக்கியம். அந்த மெஷின விட இது வெல ஜாஸ்தி" என்றார். மண்டபம் அதிர்ந்தது. பெருசு கம்மி, சின்னது ஜாஸ்தியாம், நல்லாத் தலையில கட்டி அனுப்பிட்டானுங்க என்று ஒருவர் கத்தினார்.

பட்டுப்புடவையில், முகம் முழுக்க மேக்கப்போடு, எல்லோருக்கும் கேட்கிற குரலில் நான் சொன்னேன். "இவ்ளோ விசாரிச்சும் ஏமாந்துட்டியே மாமா."

அவரை அடித்திருந்தால் கூடத் தாங்கியிருப்பார். கைப்பிடியை ஒருமுறை மெதுவாகச் சுற்றிப் பார்த்தார். "ஏமாறல பாப்பா. நாலு எடத்துல கேட்டேன்" என்றார். போட்டோகிராபர் அவரை நகரச் சொன்னார். மாப்பிள்ளை அப்போது தன் அறையில் தலை வாரிக்கொண்டிருந்தார், இது எதுவும் அவருக்குத் தெரியாது.

பெங்களூர் போய் இரண்டு வாரம் கழித்து என் கணவர் பெட்டியைப் பிரித்தார். மெஷினை ஓரமாக வைத்துவிட்டு கிரைண்டரைத்தான் முதலில் எடுத்தார். திருகிப் பார்த்தார், கழற்றி உள்ளேயிருந்த பல்லைப் பார்த்தார். முகமே மாறிவிட்டது.

"இத யாரு செலக்ட் பண்ணது? எல்லாரும் மெஷின்ல காசக் கொட்டிட்டு கிரைண்டர்ல கோட்டை விடுவாங்க. இந்தக் காசுக்கு இதவிட நல்ல ஜோடி கிடையாது. வாங்கனவங்களுக்கு விஷயம் தெரியும்."

அந்த இரண்டு வாரமாக அந்த வீட்டில் நான் என்ன சொன்னாலும், "உனக்கு இதெல்லாம் தெரியாது, விடு" என்றுதான் அவரிடமிருந்து பதில் வந்துகொண்டிருந்தது. லிப்ட் முதல் வாஷிங் மெஷின் வரை அந்த ஒரே பதில். எனக்கு எரிச்சலும் பயமுமாக இருந்தது. அந்த முகத்தில் முதல்முறையாக ஒரு மரியாதையைப் பார்த்தேன். அதை வேறு ஆளுக்குப் போகவிட எனக்கு மனசு வரவில்லை.

"நான்தான்" என்றேன். "காசு மாமாது. செலக்ஷன் என்னுது. மாசக்கணக்கா விசாரிச்சேன்."

அவர் என்னைப் பார்த்த பார்வை இன்றைக்கும் ஞாபகம் இருக்கிறது. நண்பர்கள் வந்தால், "என் வைஃப் செலக்ட் பண்ணது" என்று சொல்லித்தான் காபி போடுவார். பால் குழாய், உப்புத் தண்ணீர், குருணை, மாவு என்று நான் எடுத்துவிடுவேன். நகப்பாலிஷ் போட்டுக்கொண்டு கேட்டதெல்லாம் எப்படியோ காதில் ஏறியிருந்தது. அதன் பிறகு பிரிட்ஜ் வாங்கவும் என்னைக் கேட்டார், வீடு மாற்றவும் என்னைக் கேட்டார்.

மாமாவின் ஞாயிற்றுக்கிழமை போன் நிற்கவில்லை. "மெஷினு ஓடுதா? அரவைய எத்தினாவது புள்ளில வெச்சிகீறாரு மாப்ள?" பிரிக்கவே இல்லை மாமா என்பேன். நேரமில்லை, இடமில்லை என்பேன். மாப்பிள்ளையிடம் கொடு என்றால் வெளியே போயிருக்கிறார் என்பேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, சொல்லாமல் கொள்ளாமல் கதவுக்கு வெளியே நின்றார். கையில் ஒரு மஞ்சள் பை. வெள்ளிமலையில் மிளகுக் கொடிக்கு நடுவே யாரோ வளர்த்த காபிச் செடியின் கொட்டையை வாங்கி, காயவைத்து, கள்ளக்குறிச்சி காபித்தூள் கடையில் கொடுத்து வறுத்துக்கொண்டு வந்திருந்தார். கணவர் தூங்கிக்கொண்டிருந்தார். நான் மாமாவை ஹாலில் உட்காரவைத்துவிட்டு ஹாலிலிருந்து கிச்சனுக்குப் போகிற கதவைச் சாத்தினேன்.

வாடகை எவ்வளவு, தண்ணீர் எத்தனை மணிக்கு வரும், பால்காரன் தண்ணி கலக்கிறானா, ராத்திரியில் குளிருமா என்று வரிசையாகக் கேட்டார். பிறகு பையைத் தொட்டுக்கொண்டு, "மெஷினக் காட்டு பாப்பா. ஒரு தபா பாத்துட்டுப் போறேன். கொட்ட வறுத்து ஒரு வாரம் வுட்டு அரைச்சாத்தான் ருசி, அதுக்கோசரம் நாளு பாத்து வந்தேன்" என்றார்.

இவர் அந்த மெஷின் முன்னால் நின்று வாயைத் திறந்தால் போதும். ஒரே நிமிஷத்தில் என் கணவருக்கு எல்லாம் தெரிந்துவிடும்.

"அது இல்ல மாமா" என்று குரலைத் தாழ்த்திச் சொன்னேன். "வித்துட்டோம். அவருக்குப் புடிக்கல. இன்னா டார்ச் லைட்டு மாதிரி கீதுன்னு சிரிச்சாரு."

மாமா பையிலிருந்து கையை எடுத்தார். "அப்டியா" என்றார். நான் உள்ளே போய் டீ போட்டுக் கொண்டுவந்து கொடுத்தேன். குடித்துவிட்டுக் கிளம்பிவிடுவார் என்றுதான் நினைத்தேன்.

எங்கள் பெட்ரூமிலிருந்து கிச்சனுக்கு ஹாலைத் தொடாமல் போகலாம். ஞாயிற்றுக்கிழமை கணவர் கண் விழித்ததும் முதல் வேலை காபி. மாமா பாதி டீ குடித்திருந்தபோது சாத்திய கதவுக்குப் பின்னால் அந்தச் சத்தம் ஆரம்பித்தது. கொட்டை நொறுங்குகிற சத்தம். கரகரவென்று ஒரே சீராக ஒரு நிமிஷம் ஓடியது.

மாமா டம்ளரை வாய்க்குக் கொண்டுபோகாமல் அப்படியே பிடித்துக்கொண்டு கேட்டார். கொட்டை தீர்ந்து கைப்பிடி லேசாகச் சுழன்றபோது அவர் தலை தன்னால் ஒருமுறை ஆடியது. பிறகு மெஷின் உறுமியது.

நான் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். இன்னா சத்தம் பாப்பா அது? அந்த ஒரு கேள்விக்கு மூன்று பொய்யைத் தயாராக வைத்திருந்தேன். மிக்சி என்றிருப்பேன், பக்கத்து வீடு என்றிருப்பேன். அவர் கேட்கவில்லை. மிச்ச டீயைக் குடித்துவிட்டு, "நல்லாருக்குது" என்று சொல்லி எழுந்தார். மஞ்சள் பையைச் செருப்பு ஸ்டாண்டின் மேல் வைத்தார். எந்த பஸ், எந்த ஸ்டாப் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

பால்கனியிலிருந்து பார்த்தேன். கேட்டில் வாட்ச்மேன் நின்றிருந்தான். அவனையும் அவர் எதுவும் கேட்கவில்லை. பஸ் ஸ்டாப் வலது பக்கம், இவர் இடது பக்கம் திரும்பி நடந்தார். கூப்பிட்டிருக்கலாம், கூப்பிடுகிற தூரம்தான். ஆனால் கணவர் இரண்டு கப்போடு ஹாலுக்கு வந்துகொண்டிருந்தார்.

"யாரு வந்தது?"

"ஊர்ல இருந்து ஒருத்தர். காபிக்கொட்டை கொண்டுவரச் சொல்லியிருந்தேன்."

பையைப் பிரித்து முகர்ந்து பார்த்தார். "செம வாசனை. இத எங்க புடிச்ச?"

"விசாரிச்சேன்" என்றேன்.

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை போன் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை. பொங்கலன்று அம்மா போன் செய்தாள்.

"உங்க மாமன் வந்துட்டுப் போனான்டி. அப்பாவுக்குக் கால் வீக்கம் எப்டி கீது, கெணத்துல எத்தினி அடி தண்ணி, மாடு சினையான்னு அத்தினியும் கேட்டுக்கினு இருந்தான். நானே எடுத்து, பாப்பா பெங்களூர்ல நல்லா கீறான்னு சொன்னேன். துண்ட ஒதறிக்கினு எழுந்துட்டான். உன்னப் பத்தி ஒரு வார்த்த கேக்கலடி. இன்னாடி பண்ண அவன?"

"ஒண்ணும் பண்ணலியே" என்றேன்.